யாரை உதைக்கிறது இந்தக் கலகம்?

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் ‘பங்க்’ என்றொரு பாட்டுக் கூட்டம் கிளம்பியது. கிழிந்த சட்டை, அதில் ஊக்கு, காதைத் துளைக்கும் கிதார். லண்டனில் வேலையில்லாத வாலிபர்கள் பலர் அதில் திரண்டார்கள். அதிகாரம் ஒழிக என்று முழங்கினார்கள். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் 1980களில் கனடாவின் டொரொண்டோ நகரில் அந்த மேடைக்கு முன்னால் நடந்தது என்ன? ஆணை நேசிக்கும் ஆண் அங்கே வந்தால் ஏச்சு, அடி! மேலே இருப்பவனைத் திட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பவனை உதைப்பது என்ன கலகம்? மேஸ்திரி மேலுள்ள கோபத்தை வீட்டில் மனைவியிடம் காட்டுபவனை நாம் வீரன் என்போமா?

உதைபட்டவர்கள் மூலையில் முடங்கவில்லை. ஜி.பி. ஜோன்ஸ் பாட்டுக் குழுவில் வாசித்த பெண். புரூஸ் லாபுரூஸ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் 1985ல் ‘ஜே.டி.ஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அச்சாபீஸ் ஏது? ஜெராக்ஸ் பிரதிதான், மொத்தமே 8 இதழ்கள். ஆண்-ஆண், பெண்-பெண் காதலர்களின் பங்க் படை ஒன்று டொரொண்டோவில் பெருகிக் கிடப்பதாக அதில் எழுதினார்கள். உண்மையிலோ ஒரு திண்ணையில் அடங்கும் ஆட்கள்! (பொய்க்கணக்கு தப்புதான். நம் பொதுக்கூட்டச் செய்திகளில் தலைக்கணக்கு சில சமயம் ஊதிப்போவது வேறு கதை.) வெளியூர் வாலிபர்கள் அதை நம்பினார்கள், தாங்களும் குழு சேர்த்தார்கள். 1988ல் சான்பிரான்சிஸ்கோவில் ‘ஹோமோகோர்’ என்ற பத்திரிகையே பிறந்தது. பொய்ப்படை மெய்ப்படை ஆயிற்று!

சினிமாவும் எடுத்தார்கள். சூப்பர் 8 என்பது வீட்டு விசேஷங்களைப் படம்பிடிக்க 1965ல் கோடாக் கம்பெனி கொண்டுவந்த சின்ன பிலிம். ஒரு சுருள் சுமார் மூன்று நிமிஷம் ஓடும். அதைக் கொண்டே லாபுரூஸ் 1991ல் கறுப்பு வெள்ளையில் ஒரு முழுப்படம் எடுத்துவிட்டார். பெயர் தெருப்பேச்சு, விட்டுவிடுவோம். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவன் மொட்டைத்தலை வாலிபனை வீட்டுக்கு அழைத்துவந்து நேசிக்கும் கதை. அந்த மொட்டைத்தலை, பிரிட்டிஷ் தொழிலாளி வாலிபர்களின் கோலமாயிருந்து, பின்னர் பாசிஸ்டுகள் ஆள்பிடித்த கூட்டம். அவனைக் காதலனாக்கிக் காட்டியது சரியா என்று நமக்குச் சந்தேகம் உண்டு. நிர்வாணக் காட்சிகளும் உண்டு. அவை எல்லாருக்கும் உவக்காது.

ஆனால் ‘முதலாளித்துவச் சீரழிவு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: எந்த ஸ்டூடியோ முதலாளி இதற்குப் பணம் போட்டான்?