ஆண் மீனில் முட்டைப் புரதம்: சோதனையில் 'இல்லை' என்று வந்தால் நம்பலாமா?

ஆண் மீன் முட்டை போடாது. அப்புறம் எப்படி அதன் ரத்தத்தில் மஞ்சள் கருவுக்கான புரதம் வருகிறது?

வந்தால், தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் புரதத்தின் பெயர் விட்டெலோஜெனின். பெண் மீனின் ஈரலில் உருவாகி, ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போய், அங்கே உடைந்து மஞ்சள் கருவாகிறது. ஈரலுக்கு உத்தரவு போடுவது எஸ்ட்ரோஜன் ஹார்மோன். ஆண் மீனிடமும் அந்த மரபணு உண்டு. உத்தரவு வராததால் சும்மா கிடக்கும். கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன் கழிவுநீரோடு ஆற்றில் கலந்தால், ஆணின் ஈரலும் வேலையை ஆரம்பித்துவிடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஏரியில் 2001 முதல் 2003 வரை வேண்டுமென்றே அந்த ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒரு நானோகிராம் என்றால் ஒரு கிராமை 100 கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு! ஆண் ஃபேட்ஹெட் மின்னோ மீன்களின் உடலில் விட்டெலோஜெனின் எக்கச்சக்கமாக ஏறியது. அந்த ஏரியில் அந்த இனமே கிட்டத்தட்ட அழிந்துபோனது.

அப்படியென்றால் எந்த மீனைப் பிடித்துச் சோதித்தாலும் உண்மை தெரிந்துவிடுமா?

அங்கேதான் சிக்கல். விட்டெலோஜெனின் எல்லா மீனுக்கும் ஒன்றல்ல. ஸீப்ரா மீனிடம் மட்டும் அதற்கு 8 மரபணுக்கள். கடலில் மிதக்கும் முட்டையிடும் பல மீன்களிடம் வெவ்வேறு வகை விட்டெலோஜெனின் இருக்கிறது. அவற்றில் ஒன்று, முட்டை வெளிவருவதற்கு முன்பே அமினோ அமிலங்களாகச் சிதைந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். முட்டை பருத்து மிதக்கும். ஆற்று மீன் பலவற்றின் முட்டை அடியில் கிடப்பதால், அவற்றுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வாழ்க்கைக்கு ஏற்றபடி இந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது.

கோவிட் காலத்தில் மூக்கைக் குடைந்த ஏஆர்டி கருவி ஞாபகம் இருக்கா? மீன் சோதனையும் பெரும்பாலும் அதே மாதிரிதான். குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் அதில் இருக்கும். கெண்டை மீனுக்காக உருவாக்கியது, அதன் சொந்தமான மின்னோவிடம் வேலை செய்யும். தூரத்துச் சொந்தமான டிரவுட்டிடம் கோட்டைவிடலாம்.

அதனால் 'உள்ளூர் மீனில் பாதிப்பில்லை' என்று அறிக்கை வந்தால், என் முதல் கேள்வி: அதே இனத்து ஆண் மீனுக்கு எஸ்ட்ரோஜன் கொடுத்து, கருவி அதைக் கண்டுபிடிக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், அந்த 'இல்லை' தண்ணீரைப் பற்றியதா, கருவியைப் பற்றியதா என்று சொல்ல முடியாது.