யார் பெட்டியில் நம் கைரேகை?

தோட்டத்து செக்ரோல் புத்தகம் கிராணியார் மேசையில் கிடந்த காலத்தில், அதைத் திருட வருபவன் ஆபீஸ் பூட்டை உடைத்தாக வேண்டும். இன்று நம் சம்பளம், கடன், வைத்தியச் சீட்டு, கைரேகை அத்தனையும் கணினிக்குள் அடக்கம். யார் யார் திறந்து பார்க்கிறார்கள் என்று கேட்டால், "அது நிர்வாக விஷயம்" என்பார்கள். நோய் நம்முடையது, விரல் நம்முடையது. விஷயம் மட்டும் நிர்வாகத்தினுடையதா? கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். விரலை எங்கே போய் மாற்றுவது?

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. தொழிலாளி தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். பிழையைத் திருத்தச் சொல்லலாம். 2024ஆம் ஆண்டுத் திருத்தம், நோய் விவரத்தைப் போல் கைரேகையையும் விசேஷக் காவலில் வைத்தது. விதிகளை மீறும் முதலாளிக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம்!

ஆனால் கொடுமையைப் பாருங்கள்: அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பால்வெட்டுத் தாய்மார் எதை அறிந்து கையெழுத்திடுவது?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீஸ் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் என்றால், நாளை சம்பளப் பட்டியல் வெளியே போகும்போது பழி உங்கள் தலையில்தான் விழும், துரை தப்பித்துக்கொள்வார். ஆளுக்கொரு கடவுச்சொல், யார் எப்போது திறந்தார் என்ற பதிவு, தமிழில் அறிவிப்பு ஆகிய மூன்றையும் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்கிறோம். வாய்வாக்கு வேண்டாம்.