முதியோர் இல்லமும் அதனை அளக்கும் கோலும்

நற்சாட்சிப் பத்திரம் எழுதுவது ஆசிரியத் தொழிலோடு ஒட்டிப் பிறந்த கடமை. முப்பது ஆண்டுகளாக எழுதி வருகின்றேன். மாணவன் ஒருவன் ஒழுக்கமுள்ளவன், உழைப்பாளி என்று எழுதிக் கையொப்பமிடும்போது என் கை தயங்கியதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் அவனை வகுப்பிலே கண்டிருக்கின்றேன். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கும் அத்தகைய பத்திரம் ஒன்று எழுதினேன். அவ்வில்லத்தை நான் கண்டது ஒரே ஒரு நாள். அதிலும் முற்பகல் பத்து மணி முதல் பதினொன்றரை மணி வரை.

கேட்டவர் என் பெரியம்மாவின் மூத்த மகன். கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கின்றார். இளையவர் இலண்டனில். பெரியப்பா மறைந்தபின் பெரியம்மா யாழ்ப்பாணத்திலே தம் பெரிய வீட்டில் தனியே இருந்தார். வயது 84. இடுப்பெலும்பு முறிந்து ஒருமுறை சத்திரசிகிச்சையும் நடந்திருந்தது. "தம்பி, நீ ஒருக்காப் போய்ப் பார்த்து எழுது. நீ சொன்னால் எங்களுக்குக் காணும்" என்று அண்ணர் தொலைபேசியிலே சொன்னார். நானும் இல்லத்தாருக்கு நாளும் நேரமும் அறிவித்துப் போனேன். வாயிலிலே குரோட்டன் சாடிகள், முகம் பார்க்கத்தக்க தரையோடு, சிறியதொரு வழிபாட்டறை, சுவரிலே கண்ணாடிச் சட்டத்துள் பதிவுச் சான்றிதழ். பொறுப்பாளர் தேநீர் தந்து இனிமையாகப் பேசினார். முன் விறாந்தையிலே எண்ணெய் வைத்துத் தலைவாரிய முதியவர் அறுவர் கதிரைகளில் அமர்ந்திருந்தனர். "ஐயமின்றிச் சேர்க்கலாம்" என்று எழுதினேன்.

பின்னரும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் அறிவித்தே போனேன். பெரியம்மாவை முன் விறாந்தைக்குக் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். சற்று மெலிந்திருக்கின்றார் என்று எண்ணினேன். வயதென்று சமாதானமும் செய்துகொண்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரண வீடு ஒன்றுக்குச் சென்று திரும்பும் வழியில், மாலை ஆறரை மணியளவில், சொல்லாமற் கொள்ளாமல் அங்கே நுழைந்தேன். பொறுப்பாளர் இல்லை. பின்கட்டுக்கு நானே நடந்தேன். பதினொரு கட்டில்கள். பெரியம்மா சுவரோரக் கட்டிலிலே மல்லாந்து கிடந்தார். வலது குதிக்காலிலே ஒரு பழந்துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தபோது உட்புறம் கருமை பாரித்த புண். "வந்திட்டியே ராசா? அந்தத் தண்ணியை ஒருக்கா எடுத்துத் தா" என்றார். தண்ணீர்ச் செம்பு யன்னற் கட்டிலே இருந்தது. அவர் கைக்கு இரண்டு முழம் அப்பால்.

ஓடிவந்த பெண் பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். நான் குரலை உயர்த்தினேன். அவள் அழாத குறையாகச் சொன்னது இது: "ஐயா, ஞாயிற்றுக்கிழமையிலை நான் ஒராள்தான். இருபத்து மூண்டு பேர். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க ரெண்டு பேர் வேணும்." அவள்மீது நான் கொண்ட சினம் அந்தக் கணத்திலே என்மீது திரும்பிற்று. ஏனெனில், தை மாதத்திலே நான் கேட்டிருக்கவேண்டிய வினா அதுவொன்றே. அதனை நான் கேட்கவில்லை.

பாடசாலையிலே முப்பதாண்டு கழித்தவன் இதில் ஏமாந்ததுதான் வேடிக்கை. எம் ஆசிரியர்கள் காலத்தில் வித்தியாதிகாரி வருகின்றார் என்பார்கள். இன்று வெளிவாரி மதிப்பீட்டுக் குழு என்கிறார்கள். பெயர் எதுவாயினும், வரும் நாள் தெரிந்துவிட்டால் முதல்நாள் நாம் என்ன செய்வோம் என்பது ஆசிரிய அன்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதன்று. சுவர்களுக்குச் சுண்ணாம்பு, வாயிலுக்குத் தோரணம், முன்வரிசைக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள். அந்த வித்தையை நன்கறிந்த நானே பிறர் கட்டிய தோரணத்தைக் கண்டு மயங்கினேன்.

இவ்விடயம் என் குடும்பத்தோடு முடிவதாயின் பத்திரிகையில் எழுதத் துணியேன். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அதன் பின்னர் அவ்வீதம் உயர்ந்தே வருகின்றது. வடக்கிலே பிள்ளைகள் கடல்கடந்த வீடுகள் தெருவுக்குத் தெரு உள்ளன. பெற்றோரை இல்லத்தில் விடுவது மகாபாவம் என்று மேடையிலே முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அகதியாய்ப் போனவன் அடுத்த விமானத்திலே திரும்பிவந்து தாயின் கட்டிலருகே இருத்தல் கூடுமா? இல்லங்கள் வேண்டும். ஆகவே, எந்த இல்லம் தகும் என்று அறியும் வழியும் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கான தேசிய சபையை நிறுவியது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்று அதன் 15 ஆம் பிரிவு கூறுகின்றது. பிள்ளையற்றோருக்கும் பிள்ளைகளாற் கைவிடப்பட்ட வறியோருக்கும் தங்குமிடம் அமைப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு விதிக்கின்றது. முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவுசெய்யப்படல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடே. நான் கண்ணாடிச் சட்டத்துள் கண்டது அப்பதிவையே. ஆனால், பதிவு என்பது பிறப்புப் பத்திரம் போன்றது. பிள்ளை பிறந்தது என்பதற்கு அது சான்று. பிள்ளை நேற்றிரவு உண்டதா என்பதற்குச் சான்றன்று. இறுதியாக யார் வந்து பார்த்தார், என்ன குறை கண்டார், அக்குறை தீர்ந்ததா என்பன அச்சுவரிலே எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பொருள்வளமுள்ள நாடுகளில் இக்குறை இல்லையென்று எண்ணுதலும் பிழை. அண்ணர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலேயே, 2020 ஆம் ஆண்டிலே கொரோனா நோய் பரவியபோது, ஐந்து இல்லங்களுக்குக் கனேடிய இராணுவத்தினர் உதவிக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் எழுதிய அறிக்கை அவ்வாண்டு மே மாதம் வெளிவந்தது. கரப்பான் பூச்சிகள், மாற்றப்படாத அழுக்காடை, உதவி கேட்டுக் கூவியும் நெடுநேரம் எவரும் வராத முதியவர்கள். அவை ஐந்தும் உரிமம் பெற்ற இல்லங்களே. போர்க்களத்துக்குப் பயின்ற சிப்பாய் பின்கட்டுக்குள் நுழைந்த பின்னரே உள்ளிருந்தது ஊருக்குத் தெரியவந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இன்னும் படிப்பினை மிக்கது. அங்கே 1987 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களுக்குத் தராதரம் வகுத்தது. ஆய்வாளர் முன்னறிவித்தலின்றி வருவர். ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து மாதம் கடத்தலாகாது. 2008 ஆம் ஆண்டு முடிவிலே ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டு எவரும் பார்க்க வெளியிட்டனர். ஆனால், எத்தனை தாதியர், எத்தனை உதவியாளர் என்ற கணக்கை நெடுங்காலம் இல்லத்தாரே எழுதிக் கொடுத்தனர். பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்துவது போன்ற முறை! 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்தே அக்கணக்கை எடுக்கலாயினர். எடுத்தபோது வெளிப்பட்ட உண்மைகளுள் ஒன்று, சனி ஞாயிறுகளிலே ஆட்கள் கணிசமாகக் குறைகின்றனர் என்பது. அதனைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் செம்பு நினைவில் வந்தது. கடல்களுக்கு அப்பாலும் அதே ஞாயிற்றுக்கிழமை.

ஆகவே, இல்லத்தை அளக்கும் கோல் கட்டிடமன்று, கைகள். பகலில் எத்தனை, இரவில் எத்தனை, விடுமுறை நாளில் எத்தனை? மற்றவற்றுட் பெரும்பாலானவை இவ்வினாவின் கிளைகள். தானாகப் புரளமாட்டாத ஒருவரை இரண்டு மணிக்கொரு முறையேனும் திருப்பிப் படுக்கவைப்பது தாதியர் வழக்கம். ஆளில்லாவிடின் குதிக்காலிலும் இடுப்பிலும் முதுகின் அடியிலும் தோல் கறுத்துப் பின் புண்ணாகும். படுக்கைப் புண் முதுமையின் இயல்பு என்று எவரேனும் சொன்னால் நம்பற்க. அதிற் பெரும்பகுதி தடுக்கத்தக்கது. இரவிலே மலசலகூடத்துக்குத் துணையில்லாதவர் தாமே எழுந்து விழுவர். ஊட்ட ஆளில்லாத இடத்தில் உணவுத்தட்டு நிறைந்தபடி வந்து நிறைந்தபடி திரும்பும். மாதந்தோறும் நிறையெடுத்துக் குறித்திருந்தால் அது தெரிந்துவிடும்.

இவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. ஆட்கள் குறைந்த இடத்திலே அமைதியை மருந்தினால் வாங்கலாம். மறதிநோய் கொண்டு இரவிற் கூவுகின்ற முதியவருக்கு மனநோய்க்கான மாத்திரையைக் கொடுத்து உறங்கச் செய்வது எளிது. அத்தகைய முதியோருக்கு அம்மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. எனவே, பட்டப்பகலிலே எல்லோரும் உறங்கிக் கிடக்கும் மண்டபத்தைக் கண்டு 'எவ்வளவு அமைதி!' என்று வியப்பதற்கு முன், மருந்தேட்டைக் காட்டும்படி கேட்டல் நன்று. எந்த வைத்தியர் எழுதினார், எப்போது எழுதினார், மீண்டும் எப்போது பார்த்தார் என்பன அதில் இருத்தல் வேண்டும்.

மணம் பற்றியும் ஒரு சொல். சிறுநீர் மணம் வீசினால் இல்லம் தீயது என்பர் சிலர். முழுதும் சரியன்று. காலையில் ஒரு கட்டிலருகே வீசும் மணம் இயல்பு. மாலையிலும் அது அங்கேயே நின்றால் அன்றோ குற்றம்! மாறாக, எங்கும் கிருமிநாசினி வாசனை மட்டுமே கமழ்ந்த அந்த முற்பகல் என்னை நன்றாகவே ஏமாற்றிற்று. கட்டணமும் நம்பத்தக்க அளவுகோலன்று. டொலரிலே பணம் வாங்கும் இடத்தில் ஒருத்தி இருபத்துமூவரைப் பார்த்தாள் என்பதை நானே கண்டேன்.

அரசு செய்யவேண்டியது பெரிய காரியமன்று. முன்னறிவித்தலின்றிப் பார்த்தல், கண்டதை எழுதுதல், எழுதியதை இல்லத்தின் வாயிலிலே பதிவுச் சான்றிதழின் பக்கத்தில் ஒட்டச் செய்தல். அதுவரை நமக்கு வேறொரு வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அரச அலுவலகத்திலுள்ள ஆய்வறிக்கையைக் குடிமகன் எவனும் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுள் தகவல் அலுவலர் முடிவுசெய்தல் வேண்டும். ஒரு தாள், ஒரு கையொப்பம். அதனைச் செய்தவர் நம்முள் எத்தனை பேர்? நானும் செய்தவனல்லேன்.

பண்டிதன் என்ற உரிமையில் இடையே ஒன்று சொல்லிக்கொள்கின்றேன். 'இல்' என்னும் சொல் தமிழிலே வீட்டையும் குறிக்கும், இல்லாமையையும் குறிக்கும். வகுப்பிலே பலமுறை இதனைச் சொல்லி மாணவரைச் சிரிக்க வைத்திருக்கின்றேன். இப்போது சொல்வதில்லை.

பெரியம்மாவை மறுநாட் காலையே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். புண் ஆற மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது எங்கள் வீட்டின் முன்னறையில் இருக்கின்றார். இரவிலே திருப்பிவிடும் முறை எனக்கும் என் மனைவிக்கும் மாறி மாறி வருகின்றது. மறுநாட் காலையிலே முதற் பாடத்தில் நான் கொட்டாவி விடுவதை மாணவர் கவனித்துவிட்டனர். எம்மிருவராலும் இதனை எத்தனை ஆண்டு செய்தல் இயலும் என்பதை நான் அறியேன். அதனால்தான் நல்ல இல்லங்கள் வேண்டும் என்று சொல்கின்றேன்.

சென்ற வாரம் இலண்டனிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருக்கின்றார். தந்தையாரைச் சேர்ப்பதற்கு ஓர் இல்லம் பார்த்திருக்கின்றாராம். ஐயா ஒருமுறை போய்ப் பார்த்து நல்லதென்று எழுதினாற் போதுமாம். நல்லதென்று எழுதுவதாக நான் வாக்களிக்கவில்லை. கண்டதை எழுதுவேன் என்றேன். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, பொழுதுபடும் வேளையிலே, போவதாக இருக்கின்றேன். இல்லத்தாருக்கு அறிவிக்கவில்லை.