பொட்டிக் கதைகள் - 14: சும்மா ஒரு கையெழுத்து போடு மாப்ள

டிஸ்கி: கெர்னல், டிரைவர் என்றாலே கொட்டாவி வரும் மக்கள் நடுவில் ரெண்டு பத்தியைத் தாண்டிக் குதிக்கலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன மாசம் ஒரு வெள்ளி ராத்திரி. மிசிசாகாவில் மைனஸ் பதினெட்டு. பேஸ்மென்ட் அறையில் கம்பளிக்குள்ள சுருண்டு கிடக்கிறேன், கோயமுத்தூரிலிருந்து நண்பன் போன். கூடப் படிச்சவன். லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் எழுதியிருக்கான், ஒரு வீடியோ கேப்சர் கார்டுக்கு. "ரெண்டே வரிதான் மாப்ள. உன் பேர்ல ஒரு 'ரிவ்யூட்-பை' போட்டுடு, திங்கக்கிழமை அனுப்பணும்."

விஷயம் இதுதான். பிசிஐ கார்டு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எண் உண்டு. ஒண்ணு தயாரிப்பாளர் எண் (இன்டெலுக்கு 8086, குசும்பைப் பாருங்க), இன்னொண்ணு கார்டின் எண். டிரைவர்கிட்ட ஒரு பட்டியல் இருக்கும். எண் பொருந்தினா கெர்னல் அந்த டிரைவரைக் கூப்பிட்டு "இது உன்னுதா பார்" என்கும். பட்டியலில் இல்லாத புது கார்டு பொட்டிக்குள்ள அநாதையா கிடக்கும். நண்பன் பட்டியலையே தூக்கிட்டான். "இந்தத் தயாரிப்பாளர், வீடியோ வகை, அவ்வளவுதான். இனி வர்ற கார்டெல்லாம் தானா வேலை செய்யும்."

கேட்க ஜோராத்தான் இருந்தது. ஆனா எனக்கு மார்க்கம் ஞாபகம் வந்தது. இங்கேயிருந்து 407-ல் போனா வர்ற ஊர்தான். ஏடிஐ கம்பெனி அங்கேதான் இருந்தது. 2006-ல் ஏஎம்டி வாங்கியது, 2010-ல் ஏடிஐ என்ற பேரும் போச்சு. ஆனா அதோட 1002 என்ற எண் மட்டும் இன்னிக்கும் ரேடியான் கார்டுகளில் உட்கார்ந்திருக்கு. 2021-ல் ஏஎம்டி டிரைவர்காரங்களும் இதையேதான் செஞ்சாங்க: 1002 என்று சொல்லும் எந்த டிஸ்ப்ளே கார்டையும் எடுத்துக்கோ. ஆனா பழைய ரேடியான்களும் 1002 தானே? அதுக்கு வேற டிரைவர் இருக்கே? அதனால "இதையெல்லாம் தொடாதே" என்று நீளமா ஒரு விலக்குப் பட்டியல் சேர்த்தாங்க. அதுலயும் ஒண்ணு விட்டுப்போச்சு. ரொம்பப் பழைய சில கார்டுகள் ஒரே கார்டா இருந்துக்கிட்டு ரெண்டா காட்டிக்கும். அந்த ரெண்டாவது எண்களுக்கு இன்னொரு பேட்ச் போட்டாங்க.

சரின்னு கெர்னல் மூலத்தில் நண்பனோட தயாரிப்பாளர் எண்ணைத் தேடினேன். இன்னொரு பழைய டிரைவரிலும் அதே எண்! அவன் கோடில் தெரியாத சிப் வந்தா "என்னுது இல்லை" என்று ஈநோடெவ் திருப்பணும். திருப்பினா கெர்னல் சத்தமில்லாம அடுத்த டிரைவரைக் கேட்கும். இவனோ புது சிப் என்றே நினைச்சு ரெஜிஸ்டரில் எழுத ஆரம்பிக்கிறான். எங்கேயோ ஒருத்தர் கெர்னலை அப்டேட் பண்ணுவார், பத்து வருஷமா ஓடின கார்டு படுத்துடும். காரணமே தெரியாது அவருக்கு.

"பழைய கார்டுல ஓட்டிப் பார்த்தியா?"

"எங்கிட்ட இருக்கறதே ஒண்ணு மாப்ள, புதுசு."

போட மாட்டேன்னுட்டேன். "பேருக்கு ஒரு வரி கேட்டா பரீட்சை வைக்கிறே. கனடா போனதும் பெரிய ஆளாயிட்டே"ன்னு போனை வெச்சுட்டான். அஞ்சு நாள் பேச்சில்லை. பத்து வருஷ சிநேகம், மனசு கேட்கலை. ரெண்டு தடவை போனை எடுத்துட்டு வெச்சேன்.

எங்கப்பா ஒருமுறை சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டுட்டு மூணு வருஷம் அவரோட வட்டியைக் கட்டினார். "படிக்காம போட்டேன்டா" என்பார், சிரிச்சுக்கிட்டே. அம்மா சிரிச்சதில்லை. பேட்சின் அடியில் வர்ற வரிகளும் அந்த ஜாதிதான். 'சைன்ட்-ஆஃப்-பை' என்றால் இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கு. 2004-லிருந்து வந்த வழக்கம். 'டெஸ்டட்-பை' என்றால் ஓட்டிப் பார்த்தேன். 'ரிவ்யூட்-பை' என்றால் படிச்சேன், எனக்குத் தெரிஞ்சு கோளாறில்லை. சிநேகிதன் என்பதற்கு அங்கே வரியே இல்லை.

ஆறாம் நாள் மெயில். விளக்கமெல்லாம் இல்லை, பேட்சின் ரெண்டாம் பதிப்பு மட்டும். பட்டியல் பழையபடி, கூட ரெண்டே ரெண்டு புது எண். அடியில், "இப்பவாவது போடுவியாடா பரீட்சைக்காரா?"

ரெண்டு தரம் படிச்சேன். போட்டேன். 'ரிவ்யூட்-பை' மட்டும். 'டெஸ்டட்-பை' கேட்டான், கார்டு எங்கிட்ட இல்லையே! அதுக்கும் திட்டினான். ஆனா இந்தத் தடவை போனை வைக்கலை :-)

கொசுறு: லினக்ஸ் பொட்டி, ஏஎம்டி கிராபிக்ஸ் வெச்சிருக்கிறவங்க எல்எஸ்பிசிஐ-யை எண்களோட ஓட்டிப் பாருங்க. 1002 தெரிஞ்சா மார்க்கத்துக்கு ஒரு சலாம் போடுங்க.