சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!



காலை மணி ஒன்பது. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கழித்தல் கணக்குப் போதித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் மேசைமீது தலை சாய்த்துவிட்டான். அருகில் சென்று, "ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டேன். "தூங்கினேன் ஐயா. சாப்பிடல. வேன் வந்துருச்சு" என்றான். ஓய்வு நேரத்திற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பசித்த வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்கு எந்தக் கணக்கைத்தான் நாம் கற்பிக்க முடியும்?

அடுத்து நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். காலை உணவின் சிறப்பை எடுத்துரைத்தேன். பெற்றோர் பொறுப்பை வலியுறுத்தினேன். பேசி முடித்ததும் அம்மாணவனின் தாயார் எழுந்தார். "ஐயா, அஞ்சரைக்கு எனக்கு ஃபேக்டரி பஸ் வந்துரும். நான் எத்தனை மணிக்கு எழுந்து சமைக்கணும்னு சொல்லுங்க. உங்க வீட்டுல யாருங்க காலையில சமைக்கிறது?"

என்னால் விடை கூற இயலவில்லை. என் மனைவியும் ஆசிரியைதான். காலை ஆறரைக்கெல்லாம் நாங்கள் புறப்பட்டாக வேண்டும். எங்கள் மகள் மகிழுந்தின் பின் இருக்கையில், நெகிழிப் பையில் சுற்றிய இனிப்பு ரொட்டியைத் தின்று, பொட்டலப் பானத்தை உறிஞ்சியபடிதான் பல மாதங்களாகப் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தாள். ஊருக்கு உபதேசம் செய்த நான், என் வீட்டு அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வார விடுமுறையில் நானும் மனைவியும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். ஒரு வாரத்திற்கு என்ன சமைப்பது, எதை முன்கூட்டியே செய்துவைப்பது, யார் செய்வது என்று எழுதினோம். இன்றுவரை அதைத் தொடர்கிறோம். அந்தப் பட்டறிவைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

பழையதைக் கொடுப்பதா?

முதல் எதிர்ப்பு என் தாயாரிடமிருந்து வந்தது. "பழசையா பிள்ளைக்குக் குடுக்கப் போறீங்க?" என்றார். அன்றன்று சமைத்து அன்றன்று உண்பதே அன்பின் அடையாளம் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆனால், அவரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர், எப்படி எங்களைப் பசியின்றி வளர்த்தார்? முதல்நாள் மாலையே மாவு ஆட்டினார். இரவே சோற்றில் நீரூற்றி வைத்தார். கருவாடும் ஊறுகாயும் வடகமும் எப்போதும் வீட்டில் இருந்தன. இவையெல்லாம் முன்னேற்பாடு அல்லாமல் வேறென்ன? "நீங்க செஞ்சதைத்தாம்மா நாங்களும் செய்யப்போறோம், குளிர்பதனப் பெட்டியை வெச்சுக்கிட்டு" என்றேன். அரைமனத்தோடு ஒப்புக்கொண்டார்.

இரண்டு மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் போதும். எங்கள் வீட்டில் நடப்பது இதுதான்:

நான்கு கப் அரிசிக்கு ஒரு கப் உளுந்து என ஆட்டி வைக்கிறோம். நம் நாட்டு வெப்பத்தில் ஓர் இரவிலேயே மாவு பொங்கிவிடும். உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாள் காலைக்குத் தோசையோ இட்லியோ ஆகிவிடும்.

அரைக்கிலோ துவரம்பருப்பை வேகவைத்து நான்கு பங்காக்கி உறையவைக்கிறோம். ஒரு பங்கை எடுத்துக் காய்கறி சேர்த்தால் சாம்பார் விரைவாக முடிந்துவிடும். பருப்பு வேகக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது.

இஞ்சி பூண்டு விழுதை அரைத்து வைக்கிறோம். வெங்காயத்தை வதக்கி வைக்கிறோம். மீனைக் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக உறையவைக்கிறோம். நாளைக்கு வேண்டிய பொட்டலத்தை இன்றிரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுகிறோம். நெத்திலிச் சம்பல் ஒரு புட்டியில் இருக்கும். அவித்த முட்டைகள் இரண்டு மூன்று நாளைக்கு இருக்கும்.

பட்டியல் எழுதும்போது சுகாதார அமைச்சின் 'சுகு சுகு செபாரோ' முறையை நினைவிற்கொள்கிறோம். தட்டில் கால்பங்கு சோறு அல்லது மாவுணவு, கால்பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, அரைப்பங்கு காய்கறியும் பழமும் என்பதே அம்முறை. 2019-ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அவசரத்தில் நாள்தோறும் வாங்கித் தரும் இனிப்பு ரொட்டியும் இனிப்புப் பானமும் நம் பிள்ளைகளை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை இவ்வெண்களை வைத்து நாம் சிந்திக்க வேண்டும்.

கவனம் தேவை

முன்கூட்டிச் சமைப்பதில் தூய்மையும் வெப்பமும் முக்கியம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரம் ஆகும். ஆகவே, சிறு பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும். மீண்டும் சூடாக்கும்போது ஆவி பறக்கக் கொதிக்க வேண்டும். சமைத்த கறி வகைகளைக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்காதீர். தேங்காய்ப்பாலை அன்றன்றே சேர்ப்பது நல்லது.

சோற்றை மட்டும் நாங்கள் முன்கூட்டிச் சமைப்பதில்லை. அரிசியில் உள்ள ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ரைஸ் குக்கர் இருக்கும்போது அரிசியைக் களைந்து வைக்க ஐந்து நிமிடம் போதுமே!

யாருடைய வேலை?

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். திட்டமிடுதல் என்ற பெயரில், அன்னையரின் ஓய்வு நாளையும் அடுக்களைக்குள் தள்ளிவிட்டால் அது முன்னேற்பாடு ஆகாது. சுமையை நாள் மாற்றி வைத்தல்தான். எங்கள் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கிறது. மாவு ஆட்டுவதும் மீன் கழுவுவதும் என் வேலை. பருப்பும் விழுதும் மனைவியின் வேலை. பூண்டு உரிப்பதும், பொட்டலங்களில் நாள் எழுதி ஒட்டுவதும் மகளின் வேலை. தொடக்கத்தில் என் மாவு கல்லில் ஒட்டியது, பொறுத்துக்கொண்டார்கள். தந்தையர் இதைப் படிப்பீர்களானால், முதல் வாரமே கிரைண்டரைக் கழுவிப் பாருங்கள். அந்த வேலையின் அளவு புரியும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். பசியோடு வரும் பிள்ளையின் பெற்றோரைக் கடிந்துகொள்ளுமுன் அவர்களின் வேலை நேரத்தைக் கேட்டறிவோம். சில வீடுகளில் நேரம் இல்லை; சில வீடுகளில் அரிசியே இல்லை. இரண்டாவது வகையினருக்கு எந்தப் பட்டியலும் உதவாது. 1979-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆர்.எம்.டி. கூடுதல் உணவுத் திட்டத்தில் அப்பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே நம் கடமை. பாரம் நிரப்பத் தெரியாத பெற்றோர் உண்டு. அவர்களுடன் அமர்ந்து நிரப்பித் தருவோம்.

அந்தத் தாயாரை மறுபடி சந்தித்தபோது மன்னிப்புக் கேட்டேன். எங்கள் தாளின் படி ஒன்றையும் கொடுத்தேன். "மாவு நம்ம வீட்டுலயும் ஆட்டுவோம் ஐயா. தோசை சுடத்தான் ஆள் இல்ல" என்றார். இப்போது அவனுடைய அப்பா சுடுகிறாராம். இரவுப் பணி முடிந்து அவர் தாமதமாக வரும் நாள்களில் அவன் இன்னமும் ஒன்பது மணிக்குத் தலை சாய்க்கிறான். முன்பெல்லாம் வாரத்தில் ஐந்து நாள். இப்போது ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக என் மேசை இழுப்பறையில் ரொட்டிப் பொட்டலம் ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டில் மிச்சமான நேரம் பெரிதொன்றும் இல்லை. காலையில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் மூவரும் மேசையில் அமர்ந்து உண்கிறோம். மகள் பள்ளிக் கதைகளைச் சொல்கிறாள். மகிழுந்தின் பின் இருக்கையில் இருந்தபோது அவள் இவ்வளவு பேசியதில்லை.

இந்த வார விடுமுறையில் ஒரு தாளை எடுங்கள். குடும்பத்தோடு அமருங்கள். நம் பிள்ளைகள் பசியாறிப் பள்ளிக்கு வரட்டும்.