மீனின் பெயர் சொல்லாத தூண்டில் அறிவுரை

சாகண் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் இளம் பொறியாளர்களிடையே அண்மைக்காலமாக ஒரு வகை எழுத்து கைமாறி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு எங்கே போவது, எந்த வளைவில் நிற்பது, காற்றடைத்த படகா காயக்கா, எத்தனை ஆம்பியர் மின்கலம், எந்த விலையில் சோனார் என்று அது சொல்லித் தருகிறது. ஓரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் பணிமாற்றம் பெற்று வந்த தமிழர்களும் அதை வாசிக்கிறார்கள், தங்கள் பங்குக்கு எழுதுகிறார்கள். துல்லியத்தில் அதற்குக் குறையில்லை. இடத்தைப் பத்து மீட்டர் பிசகாமல் குறிக்கிறது. படகின் எடையைக் கிராம் கணக்கில் சொல்கிறது. அதில் இல்லாதவை நான்கு: மீனின் பெயர், அது முட்டையிடும் பருவம், அந்த நீரின் உரிமையாளர், பிடித்ததைப் பதிந்து வைக்கும் பழக்கம். இந்த நான்கும் இல்லாத அறிவுரை எத்தனை பயனுள்ளதாகத் தோன்றினாலும் அறிவுரை ஆகாது. அது சூறையாடலுக்கான வழிகாட்டி மட்டுமே.

இந்த எழுத்துமுறையின் பிறப்பிடம் வட அமெரிக்கா. அங்குள்ள பெருவாய் பாஸ் மீனைச் சுற்றி ஒரு பெருந்தொழிலே வளர்ந்திருக்கிறது. அதற்கெனத் தனிப் படகு, ஓசையின்றி நகரும் மின்மோட்டார், நீரடியைப் படம் பிடிக்கும் சோனார், பரிசுப் போட்டிகள் எல்லாம் உண்டு. பாஸ் மறைவிடம் தேடும் மீன். மூழ்கிய மரம், இடிந்த சுவர், பாறை விளிம்பு ஆகியவற்றின் ஓரமாகப் பதுங்கியிருந்து இரையைத் தாக்கும். ஆகவே நீருக்கடியில் 'கட்டமைப்பு' தேடுவதே அந்தக் கலையின் முதல் பாடம். அந்த ஊருக்கும் அந்த மீனுக்கும் அது பொருந்தும். பீமா ஆற்றுப் படுகையில் பாஸ் கிடையாது. மீன் வராமல் அதன் கையேடு மட்டும் சாகணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கையேட்டின் பின்னாலேயே மீனும் வருவதுண்டு என்பதற்கு ஜப்பான் சான்று. 1925இல் ஆஷி ஏரியில் விளையாட்டுக்காகவும் உணவுக்காகவும் பாஸ் விடப்பட்டது. பிற்காலத்தில் தூண்டில் மோகம் பெருகியபோது அது நாடெங்கும் பரவி, உள்நாட்டுச் சிறுமீன்களைத் தின்று தீர்த்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தின் கீழ் அதை வளர்ப்பதும் கொண்டுசெல்வதும் நீரில் விடுவதும் தடைசெய்யப்பட்டன. எண்பது ஆண்டு தாமதமான தடை. உலகின் மிகக் கேடான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் பெருவாய் பாஸுக்கும் இடமுண்டு.

இனி சாகணின் நீரைப் பார்க்கலாம். ஊருக்குத் தெற்கே இந்திராயணி ஓடுகிறது. லோணாவளா அருகே பிறந்து, தேஹூவையும் ஆளந்தியையும் தொட்டு, துளாபூரில் பீமாவோடு கலக்கிறது. வடக்கே பாமா ஆறு. அதன் மேல் பாமா ஆஸ்கேட் அணை. ராஜகுருநகரை ஒட்டி பீமாவின் மேல் சாஸ் கமான் அணை. தூண்டில் கையேடுகள் விரும்பிக் குறிக்கும் 'இடங்கள்' இந்த நீர்த்தேக்கங்களின் கரைகளே.

பாமா ஆஸ்கேட் வெறும் ஏரி அன்று. புணே நகரின் கிழக்குப் பகுதிகளுக்கு அங்கிருந்து குடிநீர் போகிறது. அணைக்காக நிலமிழந்தவர்கள் மறுவாழ்வு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். சோனார் திரையில் 'அருமையான கட்டமைப்பு' என்று ஒளிரும் கோடு, அங்கே யாரோ உழுத வயலின் வரப்பாகவோ யாரோ கட்டிய வீட்டின் சுவராகவோ இருக்கக்கூடும். அமெரிக்கக் கையேட்டின் ஒரு சொல்லை அப்படியே பெயர்த்து வைக்கும்போது, அதனடியில் இருக்கும் மனிதர்களின் இழப்பு திரையில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் நீர்த்தேக்கங்களின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையாக மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போகிறது. பல அணைகளில் மீனவர்கள் லாரி டயரின் காற்றுக்குழாய் மேல் அமர்ந்து வலை விரிக்கிறார்கள். அவர்களின் வலையருகே லட்ச ரூபாய்ப் படகில் வந்து நிற்பவருக்குக் கையேடு சொல்லும் அறிவுரை, "வலைகளைத் தவிர்க்கவும், மோட்டாரில் சிக்கும்" என்பது மட்டும். வலை யாருடையது என்ற கேள்வி அதில் எழுவதில்லை.

இந்தக் கண்டனத்துக்கு ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. "அயல் மீனை யார் கேட்டார்கள்? மகசீர் நம் நாட்டு மீன். பிடிக்கிறோம், படம் எடுக்கிறோம், திரும்ப விடுகிறோம். முடிந்தால் குஞ்சுகள் வாங்கி ஆற்றில் விட்டு வளர்க்கவும் தயார்." கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்த நல்லெண்ணமே புணே மாவட்டத்திலிருந்து புறப்பட்டுக் காவிரியில் என்ன செய்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்தாக வேண்டும்.

கம்பெனிப் படையின் அதிகாரியான சைக்ஸ், 1839இல் புணேயை அடுத்த முளா-முட்டா ஆற்று மீனொன்றை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று டோர் குத்ரீ என்றும் நீலத்துடுப்பு மகசீர் என்றும் அழைக்கப்படும் மீன் அது. முளா-முட்டாவும் பீமாவின் துணையாறே. ஆக, சாகணைச் சுற்றிய நீர்களுக்கு அது உரிய மீன். 1970களில் லோணாவளாவில் டாடா மின்நிறுவனத்தின் குஞ்சுப் பண்ணை இதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. அருகிவரும் மீனைக் காப்பது மெச்சத்தக்க பணி. ஆனால் அந்தக் குஞ்சுகள் சொந்தப் படுகையோடு நிற்கவில்லை. நாட்டின் பல நீர்நிலைகளுக்கும் போயின. காவிரிக்கும் போயின.

காவிரியில் ஏற்கெனவே ஒரு மகசீர் இருந்தது. முதுகு உயர்ந்து, துடுப்புகள் செம்மஞ்சளாக, ஆள் எடைக்கு வளரும் திமில் மகசீர். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. தென்னிந்திய மகசீரைத் துரத்தும் கலையை விரித்துரைத்த ஹென்றி சல்லிவன் தாமஸின் நூல் 1873இலேயே அச்சேறிவிட்டது. தூண்டில், நூல், படகு, இடம் எல்லாம் அச்சில் வந்து ஒரு நூற்றாண்டைத் தாண்டிய பிறகும் திமில் மகசீருக்கு உறுதிப்பட்ட அறிவியல் பெயர் கிடையாது. 2007இல் காவிரிப் படுகையைச் சேர்ந்த பாம்பாற்றிலிருந்து குருப்பும் ராதாகிருஷ்ணனும் டோர் ரெமாதேவி என்ற இனத்தை விவரித்தார்கள். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் சென்னை மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் அமைந்த இனம். காவிரியின் திமில் மகசீரும் அதுவும் ஒன்றே என்பது, மாயாற்றில் எஞ்சிய மீன்களைக் கொண்டு 2018இல்தான் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அது 'அழிவின் விளிம்பில்' என்னும் சிவப்புப் பட்டியல் வகையில் சேர்ந்தது. பெயர் கிடைத்ததும் மரண அறிவிப்பும் ஒரே ஆண்டில்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததைச் சொல்பவை தூண்டிலாளர்களின் சொந்த ஏடுகள். கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்த ஒவ்வொரு மகசீரும் பதிவாகியிருந்தது. 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மீன்கள். பிண்டர், ராஜீவ் ராகவன், பிரிட்டன் ஆகியோர் 2015இல் அவற்றை ஆராய்ந்தபோது இரண்டு கோடுகள் எதிரெதிர்த் திசையில் ஓடின. பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அவற்றின் சராசரி எடை குறைந்துகொண்டே வந்தது. கூடியவை லோணாவளா வழிவந்த நீலத்துடுப்பு மகசீர்கள். குறைந்து மறைந்தது திமில் மகசீர். அணைகளும் மணல் அள்ளலும் வெடிவைத்துப் பிடித்தலும் அதன் அழிவில் பங்குடையவை. ஆனாலும் விளையாட்டுக்கும் பாதுகாப்புக்கும் என்று சொல்லி விடப்பட்ட ஓர் 'இந்திய மீன்' அந்த வீழ்ச்சியின் மையத்தில் நிற்கிறது. இன்று குத்ரீ 'கவலை குறைந்த' பட்டியலில். ரெமாதேவி அழிவின் விளிம்பில்.

இதிலிருந்து பெறும் பாடம் எளியது. மீனுக்கு நாடு கிடையாது, படுகைதான் உண்டு. பீமாவில் பிள்ளையாக இருப்பது காவிரியில் பகையாகும். "நம் நாட்டு மீன்" என்ற சொல் அரசியல் வரைபடத்தை ஆற்றின் மேல் போர்த்துகிறது. மீனின் பெயரைச் சொல்லாத அறிவுரை வெறும் சோம்பல் என்று கடந்துவிட முடியாததும் இதனால்தான். பெயர் தெரியாதபோது எதை எங்கே விட்டாலும் நற்செயலாகவே தோன்றும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்கலாகாது. காவிரி முகாம்களில் வேட்டைக்காரர்களாக இருந்த பலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். தூண்டிலாளர்கள் இருந்த கரையில் வெடி வெடிப்பது குறைவு. மேலும், இந்திராயணி ஆளந்தியில் வெண்ணுரை பொங்க ஓடுவது தூண்டில்காரரால் அன்று. ஆலைக் கழிவும் நகரக் கழிவுநீரும் ஒரு வாரத்தில் கொல்லும் மீனை ஆயிரம் தூண்டில்கள் ஓராண்டில் கொல்லா. புணே மாவட்ட ஆறுகளில் உள்நாட்டு மீனினங்கள் மறைந்து அயல் மீன்கள் நுழைந்ததை 2003இல் 'கரண்ட் சயின்ஸ்' ஏட்டில் ஆராய்ச்சியாளர்கள் காட்டியபோதும் காரணங்கள் பலவாகவே இருந்தன. இவை யாவும் உண்மை. ஆனால் இந்த வாதம் காப்பாற்றுவது பதிவேடு வைத்த, கரையோர மக்களுக்கு வேலை தந்த தூண்டிலாளரைத்தான். இடத்தைச் சொல்லிவிட்டு மறையும் கையேட்டை அன்று. காவிரி முகாமின் பெருமை அதன் படகுகளில் இல்லை. 6,161 வரிகள் கொண்ட ஏட்டில் இருக்கிறது.

அப்படியானால் பாமாவின் கரைக்குப் போகிறவருக்கு நேர்மையான அறிவுரை எது? இன்றைய கையேட்டின் வரிசையைத் தலைகீழாக்கினாலே போதும்.

முதலில் உரிமை. அந்த நீரைக் குத்தகைக்கு எடுத்த சங்கம் எது என்று கரையில் உள்ளவரிடம் கேட்டு, அனுமதி பெற்று, கட்டணம் இருந்தால் செலுத்திய பிறகே தூண்டில் அவிழ்க்கப்பட வேண்டும். அடுத்தது பருவம். மகசீர் மழைக்காலப் புதுவெள்ளத்தில் மேலேறி முட்டையிடும் மீன். ஓடைகள் நீர்த்தேக்கத்தில் விழும் முகத்துவாரங்கள் அப்போது எளிதான வேட்டைக்களங்கள். எனவே அப்போது விலகி நிற்க வேண்டிய இடங்களும் அவையே. மூன்றாவது பெயர். குத்ரீயா, கட்லாவா, திலாப்பியாவா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா என்று பிரித்தறியாதவர் எதைத் திரும்ப விடுவது, எதை விடக்கூடாது என்று முடிவெடுக்க இயலாது. அயல் மீனைப் பிடித்து 'கருணையோடு' விடுவதும் ஓர் ஆற்றுக்குச் செய்யும் தீங்கே.

கருவிகள் இதற்குப் பிறகு வரட்டும். உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் எந்தப் படகும் கரையை விட்டு அகலக்கூடாது. மலைச்சரிவில் உள்ள இந்த நீர்த்தேக்கங்களில் பிற்பகல் காற்று திடீரென எழும், கரையும் செங்குத்தாக ஆழமாகும். குடிநீர் தேக்கத்தில் பெட்ரோல் மோட்டார் வேண்டாம், துடுப்பு போதும். முட்களைத் தட்டையாக்கிய ஒற்றைக் கொக்கி, முடிச்சில்லா ரப்பர் வலை, நனைத்த கை, மீனை நீருக்கு வெளியே நொடிக்கணக்கில் மட்டும் வைத்தல்: இவற்றின் விலை சோனாரின் விலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மீன் பிழைப்பது இவற்றால். ஓர் அணையிலிருந்து மற்றொன்றுக்குப் போகுமுன் படகையும் வலையையும் உலர்த்துவதும் இதே வரிசையில் சேரும். ஈரத்தில் ஒட்டியே ஆகாயத்தாமரையும் நோய்க்கிருமிகளும் பயணம் செய்கின்றன. கடைசியாக ஒரு நோட்டுப்புத்தகம். நாள், நேரம், எத்தனை மணி நேரம், எந்த இனம், என்ன நீளம், எடை. வெறுங்கையோடு திரும்பிய நாளும் அதில் ஏற வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. பொழுதுபோக்குத் தூண்டிலை ஆய்வுக்குத் தகாத விளையாட்டு என்று தள்ளி வைத்தது கல்விப்புலம். மீனவர்கள் மராத்தியிலும் தமிழிலும் கன்னடத்திலும் மீனினங்களைப் பிரித்துச் சொல்லும் பெயர்களை 'வட்டார வழக்கு' என்று பின்னிணைப்பில் ஒதுக்கியதும் அதுவே. அந்த வெற்றிடத்தில்தான் சோனார் விற்பவரின் மொழி வந்து அமர்ந்தது. விலங்கியல் துறை மாணவர் ஒருவர் சாகணின் வார இறுதித் தூண்டிலாளர்களிடம் ஒரு பொதுப் பதிவேட்டைக் கொடுத்து, சங்க மீனவர்களின் பிடியோடு சேர்த்து ஐந்தாண்டு தொகுத்தால், பாமாவில் என்ன வாழ்கிறது என்பதற்கு முதன்முறையாக ஒரு தொடர்சான்று கிடைக்கலாம். இதற்குப் பெரிய நல்கை தேவையில்லை. கரையில் உட்காரும் பொறுமை தேவை.

காவிரியின் திமில் மகசீருக்கு இடம் சொன்னவர்கள் நூற்றுக்கணக்கானோர், கருவி சொன்னவர்கள் அதைவிட அதிகம். அது எந்த மீன் என்று சொல்ல 2018 வரை ஆயிற்று. அதற்குள் சொல்வதற்கு மீன் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. பாமாவின் கரையில் அடுத்த வாரம் விரிக்கப்படும் காற்றுப்படகு எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அதனடியில் நீந்தும் மீனின் பெயரை அவர்களில் ஒருவரேனும் கேட்பாரா என்பதே கேள்வி.