அங்கேதான் இடிக்கிறது!

ஓட்டலில் குட்டிக் கல்லுரலில் சட்னி வருகிறது. நீங்களும் பரணில் கிடந்த பாட்டியின் இரும்பு உரலைத் தேய்த்துக் கழுவி, விருந்து மேஜையில் இட்லிப் பொடி பரிமாறுகிறீர்கள். பேஷ்! காயலான் கடைக்குப் போகாமல் தப்பித்ததே, அதுவரை சந்தோஷம். ஆனா, 'அந்தக் காலத்துல எவ்வளவு ஆரோக்கியமா இடிச்சுச் சாப்பிட்டாங்க!' என்று உருகுகிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் விளைகிற சாமைக்கு உமி லேசில் போகாது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தணும். குத்தியது யார்? ஆம்பளையா? 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்றது. நாம் சாமைப் பொங்கல் தின்று கொண்டாடினோம், தோள் வலித்தது அவளுக்கு. உரலில் தாராளமாகப் பரிமாறுங்கள். உமி நீக்க மெஷின் கிடைத்து, உலக்கையை மூலையில் சாத்தியவளிடம் போய் 'பாரம்பரியம் போச்சே'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க சார்.